இறக்கையில் ஒரு பொட்டு

ஸ்ரீரங்கன் வைத்தது ஒரே ஒரு பொட்டுதான். அது வைத்த இடத்தில் நிற்காமல் இறக்கையில் பரவ ஆரம்பித்தது.

முதலில் ஒரு ரூபாய்க் காசு அகலம். அப்புறம் ஒரு வடை அகலம். சந்தனத்தை இன்னும் கொஞ்சம் கெட்டியாகக் கரைத்திருக்கலாம் என்று அவருக்கு அப்போதுதான் தோன்றியது.

ஆயுத பூஜை நாள். மயிலாப்பூர் வீட்டில் பூஜை முடிந்து, சாப்பாடு முடிந்து, மனைவி விஜயலக்ஷ்மி அடுக்களையில் கை வேலையாக இருந்தாள். வீட்டிலிருந்த சாமான் ஒன்று விடாமல் அவள் காலையிலேயே சந்தனம் குங்குமம் வைத்துவிட்டாள். மிக்ஸி, தையல் மிஷின், இஸ்திரிப் பெட்டி, மேஜை ஃபேன், ஸ்கூட்டர், கத்தரிக்கோல், அரிவாள்மணை எல்லாம் மங்களகரமாக இருந்தன. ஹாலில், கொலுப் படிகளுக்குப் பக்கத்தில், ஒன்றே ஒன்று மட்டும் வெறும் நெற்றியோடு உட்கார்ந்திருந்தது. அதுதான் மகள் மஹதியின் விமானம்.

மஹதி விமானப் பொறியியல் கடைசி வருஷம். மறுநாள் விஜயதசமியன்று, மைதானம் காலியாகக் கிடைக்கும் என்று, அடையாறு பக்கத்துக் கல்லூரி ஒன்றில் மாணவர்களுக்கான விமான வடிவமைப்புப் போட்டி வைத்திருந்தார்கள். தாங்களே வரைந்து, தாங்களே செய்த சின்ன விமானத்தில் மணல் பையை ஏற்றி, ரேடியோ கருவியால் மைதானத்தைச் சுற்றிப் பறக்கவிட்டு, உடையாமல் தரையிறக்க வேண்டும். தக்கை போன்ற மரச் சட்டத்தில் வெங்காயச் சருகு மாதிரி ஒரு வெள்ளைக் காகிதத்தை ஒட்டி அவளும் அவள் சகாக்களும் செய்திருந்தார்கள். எடை கூடும் என்று மேலே வார்னிஷ்கூட அடிக்கவில்லை.

"அப்பா, இதை மட்டும் தொடப்படாது. தள்ளி நின்னு பாருங்கோ, போறும்" என்று ஹால் நடுவில் நின்று சொல்லியிருந்தாள் மஹதி. அவ்வளவு பயம் இருந்தால் உள்ளே வைத்துப் பூட்டேன் என்றாள் விஜயலக்ஷ்மி. "வெளியிலயே இருக்கட்டும்மா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள் பெண்.

அவள் பயத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. ஸ்ரீரங்கன் இன்ஷூரன்ஸ் ஆபீசில் சூப்பர்வைசர். ஆபீசில் பேனா பிடிக்கும் அந்தக் கை வீட்டுக்கு வந்தால் சும்மா இருக்காது. எதைக் கண்டாலும் கழற்றும். அவர் ரிப்பேர் பார்த்த சுவர்க் கடிகாரம் இன்றைக்கும் மணியடிக்கும், ஆனால் முள் நகராது. அவர் சரி செய்த ரேடியோ ஒரே ஒரு நிலையத்தைத்தான் பிடிக்கும், அதுவும் சிங்களத்தில்.

இந்தத் தடவை அவர் நிஜமாகவே தொடக்கூடாது என்றுதான் இருந்தார். அதற்கு ஒரு காரணமும் இருந்தது. நாலு வருஷத்துக்கு முன்னால், பெண் குழந்தைக்கு விமானப் படிப்பு எதற்கு, அழகாகக் கம்ப்யூட்டர் எடு என்று ஒற்றைக் காலில் நின்றவர் அவர். அவள் கேட்கவில்லை. ஒரு மாதம் பேசாமல் இருந்தார். அப்புறம் பேச்சு வந்துவிட்டது; ஆனால் அந்தப் படிப்பைப் பற்றி மட்டும் அப்பாவும் பெண்ணும் பேசிக்கொள்வதே இல்லை. போன வாரம்தான் அவள் முதல் தடவையாக, "அப்பா, போட்டிக்கு நீங்களும் வாங்கோளேன்" என்றாள். அன்றைக்கு அவருக்குச் சாப்பாடே இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

அந்த சந்தோஷத்தில்தான், ஊரில் இருக்கிற ஸ்கூட்டருக்கெல்லாம் பொட்டு இருக்க, நம் குழந்தை செய்தது மூளியாக இருக்கலாமா என்று மனசு கேட்காமல் ஒரு விரல் சந்தனம், ஒரு சிட்டிகை குங்குமம்.

இப்போது வடை அகலம் தட்டு அகலமாகிக்கொண்டிருந்தது.

நாளைக்கு இது பறக்காமல் போனால் அவள் என்ன நினைப்பாள்? அப்பா கை தவறிப் பண்ணினார் என்றா நினைப்பாள்? நாலு வருஷமாக மனசிலேயே வைத்திருந்து வேண்டுமென்றே கெடுத்தார் என்றல்லவா நினைப்பாள். 

அந்த நேரம் பார்த்து விஜயலக்ஷ்மி பட்டுப்புடவை சரசரக்க ஹாலுக்கு வந்தாள். அவர் சட்டென்று திரும்பி, மேல்துண்டை விரித்துக்கொண்டு விமானத்துக்கு முன்னால் நின்றார்.

"ஏன்னா, நான் ஜலஜா மாமி ஆத்துக் கொலு பார்த்துட்டு அப்படியே தி.நகர் போயிட்டு வந்துடறேன். யாராவது வந்தா சுண்டல் மூடி வெச்சிருக்கேன், குடுங்கோ. வெத்தலை பாக்கு மறந்துடாதேங்கோ."

மஹதி எங்கே என்று கேட்டார், குரலைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு. ரேடியோ கருவியைச் சரி பார்க்கப் பட்டினப்பாக்கத்தில் ஜான் வீட்டுக்குப் போயிருக்கிறாள், விளக்கு வைத்த பிறகுதான் வருவாள் என்றாள். ஜான் அவள் கூடப் படிக்கிற பையன். விமானத்தை ஓட்டப் போகிறவன் அவன்தான்.

வாசல் கதவு சாத்தியதும் ஸ்ரீரங்கன் வேலையில் இறங்கினார். முதலில் ஈரத் துணியால் குங்குமத்தைத் துடைத்தார். குங்குமம் போகவில்லை, வலது இறக்கை முழுக்க ரோஸ் நிறமாயிற்று. நனைந்த காகிதம் தொய்ந்து, நமுத்த அப்பளமாகத் தொங்கியது.

காய வைத்தால் சரியாகிவிடும் என்று இஸ்திரிப் பெட்டியைத் தேடினார். அது பூஜையில் இருந்தது. நெற்றியில் பொட்டு, தலையில் பூ, சரஸ்வதி படத்துக்கு முன்னால் ஜம்மென்று. பூஜையில் வைத்ததை மறுநாள் காலை மறுபூஜை ஆகி எடுக்கும் வரைக்கும் தொடக் கூடாது. குழந்தைகள் புத்தகம்கூடப் படிக்கக் கூடாது. மேஜை ஃபேனும் பூஜையில். தெரிந்தே ஒரு பாவம் செய்தாகிவிட்டது, இரண்டாவது வேண்டாம் என்று, ரப்பர் வளையங்களைக் கழற்றி இறக்கையை மட்டும் தனியாக எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்கு ஏறினார். நல்ல வேளையாக ஐப்பசி மழை அன்றைக்கு லீவு.

வெயிலில் காகிதம் காய்ந்தது. காய்ந்தது மட்டுமா, மிருதங்கத் தோல் மாதிரி விறைத்தது. விறைத்த காகிதம் உள்ளே இருந்த மரச் சட்டத்தைப் பிடித்து இழுத்ததில், வலது இறக்கையின் நுனி பின்பக்கமாக மேலே தூக்கிக்கொண்டது. ஸ்ரீரங்கன் கண்ணை ஒதுக்கிக்கொண்டு பார்த்தார். இடது இறக்கை நேராக இருந்தது. வலது இறக்கை முறுக்கிக்கொண்டிருந்தது.

கையால் நிமிர்த்திப் பார்த்தார். விட்டதும் மறுபடி முறுக்கிக்கொண்டது.

மீசையில் ஒரு பக்கம் கூடக் குறைய வெட்டிவிட்டால் என்ன செய்வோம்? மறுபக்கத்தையும் அதே அளவுக்கு வெட்டுவோம். ஸ்ரீரங்கனுக்கு அந்த வழி ஒன்றுதான் தெரிந்தது. இடது இறக்கையையும் ஈரத் துணியால் நனைத்து வெயிலில் வைத்தார். அதுவும் சமர்த்தாக, அதே மாதிரி, அதே அளவு முறுக்கிக்கொண்டது. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருப்பதைப் பார்த்ததும் அவருக்குக் கொஞ்சம் உயிர் வந்தது. பார்க்கிறவர்களுக்கு இப்படித்தான் செய்திருக்கிறார்கள் என்று தோன்றும். பரவாயில்லையே என்று தன்னைத் தானே மெச்சிக்கொண்டு இறக்கையைத் தூக்கினார்.

பெருவிரல் காகிதத்தைப் பொத்துக்கொண்டு உள்ளே போயிற்று.

அந்த நேரத்தில் அவர் வாயிலிருந்து வந்த வார்த்தை பூஜை நாளில் யாரும் சொல்லத் தகாதது. கீழே இறங்கி வந்து ஒட்டுப்போடக் காகிதம் தேடினார். மெல்லிய காகிதம் வீட்டில் ஒன்றுதான் இருந்தது. விஜயலக்ஷ்மி கொலுவுக்குப் பக்கத்தில் பூங்கா கட்டி, அதன் நடுவில் நீலக் காகிதத்தில் ஒரு குளம் வைத்திருந்தாள். குளத்தில் இரண்டு அன்னம் நீந்திக்கொண்டிருந்தன. ஸ்ரீரங்கன் அன்னங்களிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு குளத்தின் ஓரத்தைக் கிழித்தார்.

வெட்டுவதற்குக் கத்தரிக்கோல் இல்லை, பூஜையில். கத்தி இல்லை, பூஜையில். பிளேடுகூடப் பூஜையில் இருந்தது. இதையெல்லாமா வைப்பாள் ஒருத்தி என்று அலுத்துக்கொண்டார். அவள் கண்ணில் படாமல் தப்பித்தது நகவெட்டி ஒன்றுதான். அதால் நறுக் நறுக்கென்று காகிதத்தை வட்டமாகக் கடித்தெடுத்தார். பசைக்குச் சோற்றுப் பருக்கையை நசுக்கினார். ஒரு பக்கம் ஒட்டினால் எடை கூடிவிடுமே என்று மறுபக்கமும் ஒன்று ஒட்டினார். குளம் பாதியாயிற்று. அன்னங்கள் தரையில் நின்றன.

இறக்கையை உடலோடு சேர்த்து ரப்பர் வளையங்களை மாட்டிக்கொண்டிருந்தபோது வாசலில் ஜலஜா மாமியின் குரல் கேட்டது. விஜயலக்ஷ்மி இப்போது எந்தப் பூட்டிய கதவுக்கு முன்னால் நின்றுகொண்டிருப்பாளோ அந்தக் கதவுக்குச் சொந்தக்காரி.

வேறு வழியில்லாமல் ஸ்ரீரங்கன் விமானத்தைப் பூங்காவுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு நிமிர்ந்தார். மாமி உள்ளே வந்தாள். கொலுவைப் பார்த்தாள், விமானத்தைப் பார்த்தாள், மூக்கில் விரலை வைத்தாள்.

இந்த வருஷம் ஏரோட்ரோமா, விஜிக்கு எப்படித்தான் தோணறதோ என்று வியந்தாள். ஏரோட்ரோம் என்றால் பக்கத்தில் தண்ணீர் எதற்கு என்று ஒரு சந்தேகமும் கேட்டாள். ஸ்ரீரங்கன் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். மாமி உட்கார்ந்து இரண்டு கீர்த்தனை பாடினாள். இரண்டாவதில் அனுபல்லவி மறந்துபோய் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள். அவர் மனசில் மஹதி எந்த நிமிஷமும் வந்துவிடுவாளே என்பதைத் தவிர ஒன்றும் இல்லை.

கிளம்பும்போது மாமி விமானத்தை இன்னொரு தடவை பார்த்தாள்.

"எல்லாம் சரி, ஓட்டறவனைக் காணுமே? ஆளில்லாத ப்ளேன் மங்களமா இல்லையே."

அவர் பதில் தேடுவதற்குள் கீழ்ப் படியில் கடை பரப்பி உட்கார்ந்திருந்த செட்டியார் பொம்மையை எடுத்தாள், விமானத்தின் வயிற்றுப் பக்கம் மணல் பை வைப்பதற்காக இருந்த சின்னக் கதவைத் திறந்தாள், செட்டியாரை உள்ளே உட்கார வைத்தாள். செட்டியார் தொந்தியோடு கச்சிதமாகப் பொருந்தினார். சுண்டலும் வெற்றிலை பாக்கும் வாங்கிக்கொண்டு மாமி போனாள். ஸ்ரீரங்கன் பொம்மையை எடுக்கப் பார்த்தார். உள்ளே போன தொந்தி வெளியே வருவதாக இல்லை. பலமாக இழுத்தால் மரம் முறியும். இழுக்கலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே விஜயலக்ஷ்மி திரும்பி வந்துவிட்டாள். அவர் கதவை மூடிவிட்டு ஈஸிசேரில் போய் விழுந்தார்.

குளத்தில் பாதியைக் காணுமே என்றாள் அவள்.

"வத்திடுத்து" என்றார் ஸ்ரீரங்கன், பேப்பரை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு.

மஹதி வந்தாள். விமானத்தை ஒரு பார்வை பார்த்தாள். நீல ஒட்டு அவள் கண்ணில் படாமல் இருக்கவே முடியாது. அவர் காத்திருந்தார். அவள் சுண்டல் இருக்கா என்று கேட்டு, இருந்த சுண்டலைச் சாப்பிட்டுவிட்டு, படுக்கப் போய்விட்டாள். திட்டியிருந்தால்கூட அவருக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

மறுநாள் காலை விஜயலக்ஷ்மி மறுபூஜைக்கு விளக்கேற்றிக்கொண்டிருந்தபோது டெலிபோன் அடித்தது. மஹதிதான் எடுத்தாள். பேசியது ஜான். அவள் ரொம்ப நேரம் கேட்டுக்கொண்டிருந்தாள். முகம் சுண்டிப்போயிற்று. கடைசியில், "சரி, விடு. அவங்களை ஒண்ணும் சொல்லாதே, பாவம்" என்று வைத்துவிட்டாள்.

அப்புறம் நேரே விமானத்திடம் வந்தாள். தூக்கினாள். ஒரு கண்ணை மூடிக்கொண்டு இறக்கையின் நுனியிலிருந்து நீளவாட்டில் பார்த்தாள். இந்தப் பக்கம் பார்த்தாள், அந்தப் பக்கம் பார்த்தாள். இறக்கைக்கு அடியில் இரண்டு விரலைக் கொடுத்து நிறுத்தினாள். விமானம் முன்னும் பின்னும் ஆடி நிலைக்கு வந்தது.

"அப்பா, இந்த றெக்கையைத் தொட்டேளா?"

இதுதான் சொல்ல வேண்டிய தருணம் என்று ஸ்ரீரங்கனுக்குத் தெரிந்தது. சொல்ல வேண்டிய வாக்கியத்தையும் ராத்திரியே தயார் பண்ணி வைத்திருந்தார்.

"நானா? நான் எதுக்கும்மா தொடறேன்?"

அவள் அவரையே பார்த்தாள். கண்ணில் நீர் கட்டியிருந்தது. கிளம்புங்கோ, நாழியாச்சு என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனாள். ஸ்ரீரங்கன் அந்த இடத்திலேயே நின்றார். இத்தனை வருஷத்தில் அவளிடம் அவர் பொய் சொன்னதில்லை. பிடிக்காததைப் பிடிக்காது என்று சொன்னாரே தவிர, பொய் சொன்னதில்லை.

ஆட்டோவில் இருவர் மடியிலும் குறுக்காக விமானம். இறக்கையின் ஒரு நுனி அந்தப் பக்கம், ஒரு நுனி இந்தப் பக்கம். மந்தைவெளி தாண்டும்போது ஸ்ரீரங்கன் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு "மஹதி..." என்றார். "அப்பா, றெக்கை" என்றாள் அவள். பஸ் ஒன்று உரசிக்கொண்டு போயிற்று. அடையாறு பாலத்தில் மறுபடி "மஹதி, வந்து..." என்றார். "அப்பா, காத்து. கெட்டியாப் பிடிச்சுக்கோங்கோ." அவர் கெட்டியாகப் பிடித்துக்கொள்வதாவது சரியாகச் செய்வோம் என்று உட்கார்ந்திருந்தார்.

மைதானத்தில் ஊர் ஊராக வந்த மாணவர்கள் கூட்டம். ஷாமியானா, நாற்காலி, ஒலிபெருக்கி. வடக்கேயிருந்து வந்த ஒரு குழுவின் விமானம் பளபளவென்று புதுக் கார் மாதிரி இருந்தது. அதற்குப் பக்கத்தில் ரோஸ் நிறம் ஓடிய, நீல ஒட்டுப் போட்ட மஹதியின் விமானத்தை வைத்தபோது நாலைந்து பேர் சிரித்தார்கள். ஸ்ரீரங்கனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் யார் மேல் கோபப்படுவது?

ஜான் ஓடி வந்தான். அவனும் மஹதியும் தலையோடு தலை வைத்து ஏதோ குசுகுசுவென்று பேசிக்கொண்டார்கள். அவன் பின்னால் ஓர் அம்மாள், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வந்தாள். ஜானுடைய அம்மா. பட்டினப்பாக்கத்தில் மீன் விற்கிறவள். கண் இரண்டும் அழுது வீங்கியிருந்தன. விமானத்தைப் பார்த்ததும் நெற்றியிலும் நெஞ்சிலும் சிலுவை போட்டுக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல், ஓரமாகக் கிடந்த பெஞ்சில் போய் உட்கார்ந்துவிட்டாள். பெற்ற வயிறு, நம்மை மாதிரியே பயப்படுகிறாள் என்று நினைத்துக்கொண்டு ஸ்ரீரங்கனும் அதே பெஞ்சின் மறுமுனையில் உட்கார்ந்தார்.

நடுவர் புரொஃபசர் கோதண்டபாணி ஒவ்வொரு விமானமாகச் சோதித்துக்கொண்டு வந்தார். மஹதியின் விமானத்துக்கு வந்ததும் வயிற்றுக் கதவைத் திறந்தார். உள்ளேயிருந்து செட்டியார் வியாபாரச் சிரிப்போடு அவரைப் பார்த்தார்.

"இது என்னம்மா?"

மஹதியும் அப்போதுதான் பார்த்தாள். ஒரு விநாடி திரும்பிப் பெஞ்சைப் பார்த்தாள். ஸ்ரீரங்கன் ஆகாயத்தைப் பார்த்தார்.

"பைலட், சார்" என்றாள் மஹதி.

சுற்றி நின்றவர்கள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்கள். கோதண்டபாணி விதிமுறைகளை இரண்டு தடவை புரட்டினார். பைலட் கூடாது என்று எங்கேயும் எழுதியிருக்கவில்லை. செட்டியாருக்குப் பக்கத்தில் மணல் பையைச் செருகி, கதவை மூடி, அனுமதித்துவிட்டார்.

பளபள விமானம் முதலில் போயிற்று. வேகமாக ஏறியது, திரும்பியது, திரும்பின இடத்திலேயே ஒரு பக்கமாகச் சாய்ந்து வேப்பமரத்தில் போய்ச் செருகிக்கொண்டது. அடுத்தது கிளம்பவே இல்லை. அதற்கடுத்தது கிளம்பி, இறக்கையைத் தனியாக அனுப்பிவிட்டு, உடலோடு மட்டும் இறங்கியது. போன வருஷம் மஹதியின் விமானமும் இப்படித்தான் எழும்பின கையோடு ஒரு பக்கமாகக் கவிழ்ந்ததாம். அவள் வீட்டில் வந்து சொல்லவே இல்லை. இப்போது பெஞ்சுக்குப் பின்னால் யாரோ இரண்டு பையன்கள் பேசிக்கொண்டதிலிருந்து ஸ்ரீரங்கனுக்குத் தெரிந்தது. அழுதிருப்பாளோ என்று நினைத்தார். எந்த ராத்திரி, எந்த அறையில், யாருக்கும் தெரியாமல் அழுதாளோ. அடுத்த அறையில்தானே படுத்திருந்தோம்.

ஜான் கருவியைக் கையில் எடுத்தான். எஞ்சின் வண்டு மாதிரி ரீங்கரித்தது. விமானம் புல்லில் ஓடியது. ஓடியது, ஓடியது, எழும்பவே காணோம். ஸ்ரீரங்கன் தெரிந்த ஸ்லோகத்தையெல்லாம் ஒன்றோடொன்று கலந்து சொல்லிக்கொண்டிருந்தார். மைதானத்தின் கடைசியில், இனிமேல் அவ்வளவுதான் என்கிற இடத்தில், அது மூக்கை மேலே தூக்கிக்கொண்டு மெள்ள எழும்பியது. எல்லோரும் அது கவிழ்வதற்காகக் காத்திருந்தார்கள்.

கவிழவில்லை. அவசரமே இல்லாமல், பிரகாரம் சுற்றுகிற மாமி மாதிரி, மைதானத்தை ஒரு சுற்று சுற்றியது. இன்னொரு சுற்று சுற்றியது. வெயிலில் இறக்கை ரோஸாக மின்னியது. அப்புறம் வந்த வழியே இறங்கி, புல்லில் இரண்டு குதி குதித்து நின்றது. உடைசல் இல்லை, ஒரு கீறல் இல்லை.

ஸ்ரீரங்கன் எழுந்து நின்றுகொண்டிருந்தார். எப்போது எழுந்தார் என்று அவருக்குத் தெரியாது.

கோதண்டபாணி விமானத்தைச் சுற்றி வந்து, குனிந்து, இறக்கை நுனியை விரலால் தடவினார். மெதுவாகப் போகும்போது கவிழாமல் இருப்பதற்கு நுனியை இப்படித் திருப்பிவிடுவது அருமையான வேலை, உங்கள் வரைபடத்தில் இது இல்லையே, யார் செய்தது என்று மஹதியிடம் கேட்டார்.

"எங்காத்துல பண்ணினது, சார்" என்றாள் அவள்.

சொல்லிவிட்டு ஓடி வந்தாள். ஓடி வந்து அவர் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"பார்த்தேளாப்பா?"

"பார்த்தேன்." நாலு வருஷமாகச் சொல்ல வராதது அப்போது தானாக வந்தது. "நீ படிச்சது நல்ல படிப்புடி, கண்ணா. நான்தான் தெரியாமப் பேசிட்டேன்."

அவள் அவர் துண்டிலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அதற்குள் ஒலிபெருக்கியில் அவள் குழுவைக் கூப்பிட்டுவிட்டார்கள். ஜான் அவளை இழுத்துக்கொண்டு ஓடினான்.

ஸ்ரீரங்கன் பெஞ்சில் உட்கார்ந்தார். பாதி பாரம் இறங்கியிருந்தது. மீதிப் பாதி நெஞ்சிலேயே நின்றது. காலையில் சொன்ன பொய்யை யாரிடமாவது சொல்லிவிட்டால் தேவலை போல இருந்தது. பக்கத்தில் ஜானுடைய அம்மாதான் இருந்தாள். இன்னும் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தாள்.

"உங்க பிள்ளை கெட்டிக்காரன்மா" என்று ஆரம்பித்தார். "ஆனா ஒண்ணு சொல்லணும். அந்த ப்ளேனை நேத்திக்கு நான் கெடுத்துட்டேன். தொடாதேன்னு படிச்சுப் படிச்சுச் சொல்லிட்டுப் போனா குழந்தை. நான் பொட்டு வெக்கறேன்னு நனைச்சு, முறுக்கி, ஓட்டை போட்டு... ஏதோ பகவான் புண்ணியம், பறந்துடுத்து. அவகிட்ட இன்னும் சொல்லலை. தெரிஞ்சா என்னை மன்னிப்பாளோ மாட்டாளோ."

அவள் முந்தானையை வாயிலிருந்து எடுத்தாள். மைதானத்துக்கு வந்ததிலிருந்து முதல் தடவையாக ஒருவர் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள்.

"நீங்க இன்னாத்துக்கு சார் பயப்படுறீங்க? அது உங்களுக்குன்னே செஞ்ச ப்ளேனு. 'எங்கப்பா கை வெக்காம இருக்க மாட்டாரு, ஆசையா அவரு கை வெக்கிறதுக்கு ஒண்ணு ஊட்ல இருக்கட்டும்'னு மஹதி பாப்பா தனியா செஞ்சு வெச்சிகினு கீது. போட்டிக்குன்னு செஞ்சது எங்கூட்லதான் பத்திரமா இருந்துச்சு. அதை நனைச்சுக் கெடுத்தவ நானு. நாந்தான் சார் நேத்து அந்த ப்ளேனைத் தூக்கினு மாதா கோயிலுக்குப் போயி, ஃபாதர் கையால தலயிலேர்ந்து வாலு வரைக்கும் தீர்த்தம் தெளிச்சுகினு வந்துட்டேன்."